கள்ளச் சட்டையும் இருநூற்றுப் பதினேழு சோதனைகளும்

பிறர் செய்த வேலையில் குறை பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர்களுக்கு ஒரு விதி உண்டு: எல்லாம் சரியாக இருக்கும் நாளில் நம் ஞாபகம் யாருக்கும் வராது, ஒன்று கெட்டுப்போனால் முதலில் நம் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். இதைப் படிப்பவர்களில் எங்காவது ஒரு மூலையில் உட்கார்ந்து எதையாவது சரிபார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருந்தால், இப்போதே தலையாட்டியிருப்பீர்கள்.

நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. ஆவடியில் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் செக்கர். ஒரு சட்டையை இருபத்து மூன்று இடங்களில் பார்த்த பிறகுதான் அதற்கு 'பாஸ்' முத்திரை வைப்பேன். ஓய்வு பெற்ற ஏழாவது மாதம், சேக்காட்டில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண் நிவேதா, "எங்க ஆபீசுக்கு உங்கள மாதிரி ஒரு ஆளுதாம்மா வேணும்" என்று அம்பத்தூருக்குக் கூட்டிப்போனாள். ஹார்டுவேர் கடைக்கு மேலே முதல் மாடி. முதலாளி பிரபாகரன், புரோகிராம் எழுதும் நிவேதா, இன்னும் இரண்டு பேர், அப்புறம் நான்.

இணையத்தில் செய்தித் தளம் நடத்துபவர்களுக்கான மென்பொருளைச் செய்கிறோம். செய்தியை எழுதி, படத்தைச் சேர்த்து, 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் அது ஊருக்குத் தெரிய வேண்டும். தெரிகிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்ப்பது என் வேலை. எனக்குப் பேசக் கூச்சம். கண்ட குறையைத் துண்டுச் சீட்டில் எழுதி நிவேதாவின் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

இரண்டரை நாள்

பார்க்க வேண்டியவற்றை எல்லாம் கோடு போட்ட நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினேழு. தலைப்பு நீளமாக இருந்தால் உடைகிறதா, படம் தலைகீழாக வருகிறதா, ஒரே செய்தியை இரண்டு பேர் திருத்தினால் யாருடையது நிற்கிறது, இப்படி. ஒரு சுற்று முடிக்க இரண்டரை நாள் ஆகும். மூன்றாம் நாள் காலையில் நிவேதா எங்கோ ஒரு வரியை மாற்றுவாள். ஒரு வரிதான். ஆனால் அது எதை இழுத்துவிட்டதோ யாருக்குத் தெரியும்? மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். இந்த வேதனை தெரிந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

அந்தச் சமயத்தில்தான் புதிய பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. எங்களிடம் இருந்த வாடிக்கையாளர்கள் ஒன்பது பேர். அதில் பெரியவர் குமணன்சாவடி தனசேகர். ஆவடி, பூந்தமல்லி வட்டாரச் செய்தித் தளத்தை ஐந்து வருடமாகத் தனி ஆளாக நடத்தி வருபவர். ஊருக்கு ஒருவராக நாலைந்து பேர் அனுப்புவதும் அதில் நேராக ஏறிவிடும். அவரை வேறொரு கம்பெனி வலை வீசிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "ஒண்ணாந்தேதி புதுசுக்கு மாத்திக் குடு. என் நியூஸுல ஒண்ணு கொறஞ்சாலும் நான் அவுங்ககிட்ட பூடுவேன்" என்று சொல்லியிருந்தார். அவர் போனால் மற்ற எட்டு பேரை வைத்து அந்த மாடியில் நாங்கள் உட்கார்ந்திருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்றாம் தேதிக்கு முப்பத்தைந்து நாள் இருந்தது. நான் என் இரண்டரை நாள் கணக்கைச் சொன்னதும் பிரபாகரன் சார் நோட்டை வாங்கி முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். பிறகு சொன்னார்: "தேவகிம்மா, உங்க வேகத்துக்கு ஒண்ணாந்தேதி காத்துக்கிட்டு இருக்காது. ஏதாச்சும் மெஷினப் பிடிங்க."

பதினோரு விநாடி

மெஷினைப் பிடித்தது நிவேதா. நாம் ஒரு முறை செய்து காட்டினால் பார்த்து வைத்துக்கொண்டு, பிறகு அதையே தானாகச் செய்யும் ஒரு பதிவுக் கருவி. புரோகிராம் தெரிய வேண்டாம். நான் என் நோட்டின் முதல் வரியை, 'புதிய செய்தி எழுதி வெளியிடுதல்', நிதானமாகச் செய்து காட்டினேன். எனக்கு நான்கு நிமிடம் ஆனது. நிவேதா "கைய எடுங்கம்மா" என்றாள். எடுத்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரையில் அம்பு தானாக நகர்ந்தது. பெட்டி திறந்தது. நான் தட்டிய அதே எழுத்துகள், யாரும் தட்டாமல், கடகடவென்று விழுந்தன. படம் ஏறியது. பொத்தான் அழுந்தியது. ஒரு பச்சைக் குறி. பதினோரு விநாடி! சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். இருநூற்றுப் பதினேழையும் இப்படிச் செய்தால் எவ்வளவு ஆகும் என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். நாற்பது நிமிடத்துக்குள் வந்தது. தப்பாகப் பெருக்கிவிட்டேனோ என்று காகிதத்தில் மறுபடி போட்டேன். அதேதான். இரண்டரை நாள், நாற்பது நிமிடம்! நான் எப்போது நாற்காலியை விட்டு எழுந்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் வந்த பிரபாகரன் சார் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உட்காருங்கம்மா, கம்ப்யூட்டருக்கெல்லாம் எந்திரிச்சு நிக்க வேண்டாம்."

செவ்வாய்க்கிழமை ராசி

ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு என்று பதிந்து தள்ளினேன். வீட்டில் சாம்பார் கொதிக்கும்போதுகூட அடுத்ததை எப்படிப் பதியலாம் என்றே யோசனை. எல்லாம் ஒழுங்காக ஓடின, எண்பத்து நான்காம் சோதனையைத் தவிர. முகப்பில் அன்றைய நாள், நட்சத்திரம், ராகு காலம் காட்டும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் ராகு காலம் சரியாக வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. பதிந்த அன்று பச்சை. மறுநாள் சிவப்பு. அதற்கு மறுநாளும் சிவப்பு. நிவேதா தன் வேலையை மூன்று முறை பிரித்துப் போட்டுப் பார்த்தாள். ஒரு கோளாறும் இல்லை. அடுத்த செவ்வாய் வந்தது. யாரும் எதையும் தொடாமலே பச்சை! புதனன்று மறுபடி சிவப்பு.

நான் நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு சோதனைக்குப் பக்கத்திலும் பதிந்த கிழமையும் நேரமும் எழுதி வைப்பது என் பழக்கம். எண்பத்து நான்கைப் பதிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ராகு காலம் மூன்றிலிருந்து நாலரை. கருவி அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு, வாரம் முழுக்க மூன்று மணியைத் தேடிக்கொண்டிருந்தது. தப்பு மென்பொருளில் இல்லை, என் சோதனையில். சீட்டில் எழுதி வைத்தேன். நிவேதா சிரித்துக்கொண்டே அந்தந்த நாளுக்குரியதைப் பார்க்கும்படி மாற்றித் தந்தாள். விஷயம் தெரியாத பிரபாகரன் சார் மட்டும் இரண்டு வாரத்துப் பச்சை சிவப்பை வரிசையாகப் பார்த்துக் கவலையோடு கேட்டார்: "ஊரே செவ்வாய்க்கிழமை ஆகாதுங்குது, நம்ம சாஃப்ட்வேருக்கு மட்டும் அன்னிக்குத்தான் ஆகுதா?"

கள்ளச் சட்டை

பதினெட்டாம் நாள் இருநூற்றுப் பதினேழும் முடிந்தன. ஓட்டினோம். மேலிருந்து கீழே வரை பச்சை. மறுநாளும் பச்சை. நான்கு நாள் தொடர்ந்து பச்சை. நிவேதா எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தாள். நான் மட்டும் என் பங்கைக் காகிதத்தோடு மடித்து வைத்தேன்.

தொழிற்சாலையில் ஒரு வழக்கம். ஒரு செக்கர் கட்டுக் கட்டாக ஒரு சட்டையைக்கூடத் தள்ளாமல் பாஸ் போட்டுக்கொண்டே போனால், சூப்பர்வைசர் அடுத்த கட்டுக்குள் ஒரு கெட்ட சட்டையைச் சொல்லாமல் சொருகிவிடுவார். பொத்தான் துளை தைக்காததோ, ஒரு கை நீளமானதோ. அதற்குப் பெயர் கள்ளச் சட்டை. அது பிடிபடாவிட்டால் கோளாறு சட்டையில் இல்லை, செக்கரிடம். நான் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன். எந்தச் சட்டை என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

ஆகவே சீட்டு எழுதினேன்: 'வெளியிடு பொத்தானை வேண்டுமென்றே கெடுக்கவும். எப்படி என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.' நிவேதா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கெடுத்தாள். அழுத்தினால் ஒன்றும் நடக்காதபடி. சோதனைகளை ஓட்டினோம். வெளியிடுவதைப் பார்க்கும் முதல் சோதனை: பச்சை! இரண்டாவது: பச்சை! ஆபீசே சுற்றி நின்றது. கருவி ஒழுங்காகப் பொத்தானை அழுத்தியது. ஆனால் அழுத்திய பிறகு செய்தி வந்ததா என்று பார்க்கும்படி நான் அதற்குச் சொல்லவே இல்லை. நான் பதியும்போது என் கண் பார்த்தது, என் கண்ணை அது எப்படிப் பதியும்? அப்படிப் பார்க்காமலே பாஸ் போட்ட சோதனைகள் முப்பத்தெட்டு. அவமானமாக இருக்க வேண்டும், ஆனால் எனக்கோ குதிக்க வேண்டும்போல் இருந்தது. கள்ளச் சட்டை பிடிபட்டுவிட்டதே! ஒவ்வொன்றின் கடைசியிலும் 'இது தெரிகிறதா பார்' என்று ஒரு வரி சேர்க்கத் தொடங்கினோம். அன்று மாலை கடைசிப் பால்கோவாவை என் கையில் வைத்து நிவேதா சொன்னாள்: "நாலு நாளா தூங்குத வாட்ச்மேனுக்குல்லா சல்யூட் அடிச்சிருக்கோம்!"

தண்ணீர்த் தொட்டி

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சோதனைக்கு எழுதும் செய்திகளில் மற்றவர்கள் 'அஆஇஈ' என்று எதையாவது தட்டி வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. துணி வெட்டாமல் தையலைச் சோதிக்க முடியுமா? நிஜச் செய்திபோலவே எழுதுவேன். கள்ளச் சட்டை பிடிபட்ட மறுநாள், புதன்கிழமை, சாயங்காலம் நான்கு பத்துக்கு, ஒரு புதிய சோதனை எழுதினேன். செய்தி இது: 'பராமரிப்புப் பணி காரணமாக சேக்காடு மற்றும் சுற்றுப்புறங்களில் நாளை காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை மின்தடை.'

ஒவ்வொரு சோதனைக்கும் முதல் வரியில், எந்தத் தளத்தில் ஓட வேண்டும் என்ற முகவரி இருக்கும். எங்கள் பயிற்சித் தளத்தின் முகவரி. ஆனால் நான் தினமும் காலையில் தனசேகரின் தளத்தைத் திறந்து மொத்தம் எத்தனை செய்தி என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். மாற்றும் நாளில் உதவும் என்று. அந்தச் சன்னல் மூடாமலே இருந்தது. பயிற்சித் தளத்துக்குப் பதில் அதிலிருந்த முகவரியை எடுத்து ஒட்டிவிட்டேன்; அவர் தளத்துக்குள் போகும் சாவியும் எங்களிடம்தான் இருந்தது. ஓட்டினேன். பச்சை. நிம்மதியாகப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கள் தெருவில் நுழையும்போதே எல்லா வீட்டு மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் என் கணவர், அவரும் ஆவடியில் டாங்கி செய்யும் இடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்தான், தொட்டி நிரப்பி, இரண்டு டிரம் நிரப்பி, குக்கரிலும் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, மறுநாளைக்கும் சேர்த்து மாவு அரைத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு ஃபுல் டே கரண்ட் கட்டு. தனசேகர் சைட்டுல போட்டிருக்கான்" என்று போனை நீட்டினார். என் வார்த்தைகள், என் முற்றுப்புள்ளி! மாடிக்கு ஓடினேன். அன்று சீக்கிரம் வீட்டுக்கு வந்திருந்த நிவேதா ஆறு நாற்பதுக்கு அதை நீக்கினாள். கீழே வந்து கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கிரைண்டரை நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "நாளைக்கு மழைன்னு மட்டும் எழுதிடாத தாயி, போர்வையெல்லாம் ஊற வச்சிருக்கேன்."

சீட்டில் எழுத முடியாதது

மறுநாள் ஒன்பது மணிக்கு மின்சாரம் போகவில்லை. ஒன்பது ஐந்துக்குத் தனசேகர் கூப்பிட்டுவிட்டார். பிரபாகரன் சார் போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். "இன்னா சார், நாங்க யாரும் எய்தாத நியூஸு என் சைட்டுல கீது? ஊரே தண்ணி புட்சிகினு குந்திகினு கீது. ஒருத்தரு கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் சொல்லிட்டாராம். போன்ல என்னிய கீசிகினு கீறாங்க!" அந்த வேறு கம்பெனியின் பெயரும் நடுவில் இரண்டு முறை வந்தது. பிரபாகரன் சார் யாரையும் காட்டிக்கொடுக்காமல் "டெக்னிகல் ப்ராப்ளம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

நான் பீரோவுக்குப் பின்னால் நின்று சீட்டு எழுதினேன்: 'தப்பு என்னுடையது.' கொண்டுபோய்க் கொடுக்க வந்தவள், சீட்டு போனுக்குள் போகாது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். ஒரு வாடிக்கையாளரிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. "நான்தாங்க போட்டது. நேத்து நாலு பத்துக்குப் போட்டேன். ஆறு நாற்பதுக்கு எடுத்தோம். ரெண்டரை மணி நேரம் இருந்துச்சு. இனிமே எங்க சோதனை எதுவும் பயிற்சித் தளத்தத் தாண்டி வெளிய ஓடாதபடி இன்னிக்கே பூட்டு போடுறோம். முகவரி மாறினா சோதனை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது." தனசேகர் சொன்னார்: "யம்மா, நீ போட்டது அச்சு அசல் ஈபி நியூஸாட்டமே இருந்துச்சு, நானே பட்ச்சிட்டு என் ஊட்ல தண்ணி புட்ச்சி வெச்சிட்டேன். சரி, ஒண்ணாந்தேதி நானே நேர்ல வந்து எண்ணுவேன், ஒண்ணு கொறஞ்சா அவ்ளோதான்."

ஒன்றாம் தேதி

பூட்டு அன்றைக்கே போட்டோம். அதையும் ஒரு கள்ளச் சட்டை விட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அடுத்த பன்னிரண்டு நாளில் இருநூற்றுப் பதினேழு முந்நூற்று நான்கு ஆனது. கடைசியாகச் சேர்த்தது, பழைய தளத்தையும் புதிய தளத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, செய்தி செய்தியாக ஒப்பிடும் சோதனை. ஒன்றாம் தேதி காலை எல்லாச் செய்திகளையும் மாற்றினோம். முந்நூற்று நான்கும் ஓடின. ஒன்று, இரண்டு, ஐம்பது, நூறு என்று பச்சை ஏற ஏற நிவேதா என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். நான் தடுக்கவில்லை. ஒரு சிவப்புகூட இல்லை. பழையதில் 6,213. புதியதில் 6,213.

பதினொரு மணிக்குத் தனசேகர் வந்தார். கையில் ஒரு டைரி. அவர் தளத்தில் ஒவ்வொரு செய்தி வெளியாகும்போதும் அவர் போனுக்கு ஒரு தகவல் போகும். அதைப் பார்த்து ஒரு கோடு போட்டு, படுக்கப் போகும் முன் மொத்தத்தை எழுதி வைப்பாராம். ஐந்து வருடமாக! அதைக் கேட்டதும் எனக்கு அவர் மேல் இருந்த பயம் பாதி போய்விட்டது. அவர் டைரியைத் திறந்தார். திரையைப் பார்த்தார். மறுபடி டைரி. "6,214," என்றார். "ஒண்ணு கொறையுது."

நிவேதாவின் கை என் தோளிலிருந்து விழுந்தது. பிரபாகரன் சார் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். பழையதும் புதியதும் ஒன்றாக இருக்கும்போது குறைவது எங்கே? முந்நூற்று நான்கு சோதனைக்கும் அதற்குப் பதில் தெரியாது. என் நோட்டுக்குத் தெரியும் என்று தோன்றியது. எடுத்துப்போய் அவருடைய டைரிக்குப் பக்கத்தில் விரித்தேன். நான் காலையில் குறித்தது, அவர் முந்தின நாள் படுக்குமுன் குறித்தது. நாள் நாளாக விரலை இறக்கினேன். திங்கள், இருவர் கணக்கும் ஒன்றுதான். செவ்வாயும் அப்படியே. புதன்கிழமை அவர் எழுதியது 6,172. வியாழன் காலை நான் எழுதியது 6,171. அங்கிருந்து இன்று வரை ஒவ்வொரு நாளும் சரியாக ஒன்றே ஒன்று தள்ளி. அந்தப் புதன்கிழமையின் மேல் விரலை வைத்து நிறுத்தினேன். அவரே வாய்விட்டுக் கணக்குப் பார்த்தார். "புதங்கெயம... நாலு பத்து..." தலையைத் தூக்கினார். "அந்தக் கரண்ட் கட்டா!"

நாங்கள் நீக்கிய செய்திக்கும் அவர் கோடு போட்டிருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் கீழே ஹார்டுவேர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிரபாகரன் சாருக்குச் சிரிப்பு வருவதற்கு முன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தனசேகர் அங்கேயே உட்கார்ந்து, புதிய பதிப்பில் தன் முதல் செய்தியைத் தானே தட்டி வெளியிட்டார். வந்தது. டைரியில் ஒரு கோடு போட்டார். நான் நோட்டில் ஒரு கோடு போட்டேன். எழுந்து படிக்கட்டு வரை போனவர் திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சொன்னார்: "அத்த ஏம்மா தூக்குன, என் சைட்டுலயே ஜாஸ்தி பேரு பட்ச்சது அந்த நியூஸுதான்!"

முப்பத்தோரு வருடம் மற்றவர் தப்பை எண்ணிச் சம்பளம் வாங்கிய எனக்கு, கடைசியில் ஆபீசைக் கவிழ்க்கப் பார்த்ததும், கணக்கை நேர் செய்து காப்பாற்றியதும் நானே செய்து நானே எண்ணாமல் விட்ட ஒரே தப்புதான் என்பதை முந்நூற்று ஐந்தாவது சோதனையாகச் சேர்க்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.